பண்ணைக்கு எத்தனை ஆள்

நர்சிசா உல்குவாங்கோவுக்கு என்ன வேலை என்று ரோஜாப் பண்ணையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு வாங்கித் தருகிறவள் என்பார்கள் பேக்கிங் கொட்டகைப் பெண்கள். குப்பையைப் பிரித்துப் போடு என்று உயிரை வாங்குகிறவள் என்பார்கள் மேஸ்திரிகள். அவள் அறைக் கதவில் இருந்த பலகை 'சமூகம், சுற்றுச்சூழல்' என்றது. அந்த அறையில் முன்பு மருந்தடிக்கிறவர்களின் உடைகளை மாட்டி வைத்திருந்தார்கள். ஜன்னலை எத்தனை வருடம் திறந்து வைத்தும் அந்த வாடை போகவில்லை.

நாற்பத்தாறு வயது. இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு கிடந்தது. சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிவிடும். காலை உயர்த்தி வைத்து உட்காரச் சொன்னால் கேட்கமாட்டாள். அப்பா அம்மா கயாம்பே மலையடி ஊர் ஒன்றில் பிறந்தவர்கள். இவள் சின்னவளாக இருக்கும்போதே டவுனுக்கு இறங்கிவிட்டார்கள். அப்பா கட்டட வேலை பார்த்தார், இவள் மாலை வகுப்பில் சமூகப் பணி படித்தாள். மலைக்காரர்கள் தங்கள் கீச்சுவா மொழியில் பேசினால் புரியும். பதில் சொல்ல வராது. அவளுடைய பிழைகளில் பாதிக்கு இதுதான் காரணம். மீதிப் பாதிக்குப் பண்ணைதான் காரணம்.

பூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் பூவை மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொழிலாளிக்குக் கழிப்பறை இருக்கிறதா, பக்கத்து ஊரோடு பண்ணைக்கு என்ன உறவு என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. பதிலைத் தாளில் கேட்கிறார்கள், அதுதான் கோளாறு. அந்தத் தாளைத் தயாரிக்கத் தலைநகர் கீத்தோவிலிருந்து பவுலினா என்ற ஆலோசகரை அழைத்து வந்தார்கள். கெட்டிக்காரப் பெண், நல்ல மாதிரி. மண், நீர், மனிதர் என்று மூன்று வண்ணத்தில் ஒரு சக்கரம் வரைந்து, அதற்கு 'நீடித்த வளர்ச்சித் திட்டம்' என்று பெயர் வைத்தாள். அந்தச் சக்கரத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொட்டகை முழுக்க மாட்டினார்கள். சுவரில் ஆணி கிடைத்ததே என்று பெண்கள் அதன்மேல் தங்கள் மேலங்கியைத் தொங்கவிட்டார்கள்.

சக்கரம் வருவதற்கு வெகு முன்பே நர்சிசா முதலாளியிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். முதலாளி பெயர் ரோட்ரிகோ தெரான். விவசாயம் படித்தவர்களை அங்கே இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் எல்லாருக்கும் அவர் இன்ஜினியர். பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் கூரையில் விழுகிற மழை மொத்தமும் தெருவில் ஓடி வீணாகிறது, ஒரு குளம் வெட்டிப் பிடித்துவைத்தால் கோடையில் வாய்க்கால் தண்ணீரை அவ்வளவு நம்பவேண்டாம் என்றாள். இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டார். குளத்துக்கு ஒரு பிளாக் ரோஜாவைப் பிடுங்க வேண்டியிருக்கும் என்றதும், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். பவுலினாவின் சக்கரத்தில் நீலப் பகுதியில் குளம் ஒரு படமாக இடம்பிடித்தது. நிலத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

வாய்க்கால் பனிமலைக்குக் கீழே புல்வெளியில் தொடங்கி, மேல் சான் விசெந்தே ஊர் வழியாகப் பண்ணைக்கு வருகிறது. ஊர்க்காரர்களுடைய வாய்க்கால் அது. அவர்களுடைய தாத்தாக்கள் வெட்டியது. மழையில் சரிந்த மண்ணையும் புல்லையும் வருடா வருடம் கார்னிவல் திருவிழாவுக்கு முன்னால் எல்லாருமாகச் சேர்ந்து தூர் வாருவார்கள். அதற்கு மிங்கா என்று பெயர். வீட்டுக்கு ஓர் ஆள், கூலி கிடையாது. தண்ணீர் அதிகம் எடுக்கிறவர்கள் அதற்கேற்ப அதிக ஆள் அனுப்பவேண்டும். அன்று மாலையே ஊர்க்கூட்டம் கூடி, கோடைக்கு யாருக்கு எவ்வளவு முறைத் தண்ணீர் என்று முடிவு செய்யும். பழைய முதலாளி காலத்தில் பண்ணையிலிருந்து மேஸ்திரிகள் மண்வெட்டியோடு போனார்கள். இன்ஜினியர் வந்த பிறகு அது நின்றது. மிங்கா வருகிற சமயம் காதலர் தினத்துக்குப் பூ ஏற்றுமதியாகிற சமயமும்தான். பண்ணை ஒரு வருடத்தில் சம்பாதிப்பதில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் வருகிறது.

சென்ற வருடம் நர்சிசாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஆள்தான் அனுப்ப முடியவில்லை, மிங்காவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு அனுப்பலாமே. இன்ஜினியர் உடனே ஒப்புக்கொண்டார். சோறும் கோழியும் தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, மூடியில் பண்ணையின் ரோஜாவை அச்சடித்து, ஒரு லாரி நிறைய மேலே போனது. பெட்டியை வாங்குகிறவர்களைப் பவுலினா படம் எடுத்தாள். அறிக்கையில் அது 'சமூகப் பங்கேற்பு' ஆனது. நர்சிசாவுக்கும் மனம் நிறைந்திருந்தது.

இந்த ஜனவரியில் தண்ணீர் சங்கத் தலைவி தார்ஹெலியா ஃபரினாங்கோ அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். தார்ஹெலியா ஏழெட்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். குரலை உயர்த்தாமல் பேசுவாள். அதுதான் பயமாக இருக்கும். மாட்டுக்கொட்டகை வாசலில் ஒரு சாக்கைக் கவிழ்த்தாள். உடைந்த தெர்மாகோல் துண்டுகள் விழுந்தன. சிலதில் ரோஜா இன்னும் அழியாமல் இருந்தது.

"மதகுல அடைச்சுக்கிட்டிருந்துச்சு. போன வருஷம் சோறு நல்லாத்தான் இருந்துச்சு பிள்ளே. பெட்டிதான் யாருக்கும் செரிக்கல."

"அது என் யோசனைதான்," என்றாள் நர்சிசா.

"தெரியும். நல்ல மனசோட செஞ்சேன்னும் தெரியும். அதனாலதான் கூப்பிட்டுச் சொல்றேன்."

குப்பைகூட தார்ஹெலியாவின் பெரிய குறை அல்ல. மிங்காவில் மதியம் எல்லாரும் கொண்டுவந்த சோளம், உருளைக்கிழங்கு, மொச்சை, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் தரையில் விரித்த ஒரே துணியில் கொட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்து, கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். சண்டைக்காரர்கள்கூட அன்று ஒரே துணியில்தான் கை வைப்பார்கள். சென்ற வருடம் ஆளுக்கொரு பெட்டியை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். துணி விரித்தபடி கிடந்தது. பண்ணை ஊருக்கு விருந்து வைத்ததாக நினைத்தது. ஊரோ, கூலி ஆளுக்குப் போடுகிற சாப்பாட்டைப் பண்ணை போட்டதாக எடுத்துக்கொண்டது. தங்கள் வாய்க்காலைத் தாங்கள் வெட்ட, யாரோ கூலிச் சாப்பாடு போடுவதா என்று பெரியவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள்.

"இந்த வருஷம் கூட்டத்துல பேசி வச்சுட்டாங்க," என்றாள் தார்ஹெலியா. "கை போடாதவனுக்கு முறைத் தண்ணி கிடையாது. உங்க பண்ணை எடுக்கிற தண்ணிக்கு நாப்பது ஆள் வரணும்."

கீழே இறங்கும்போது நர்சிசாவுக்குத் தன்மேல்தான் கோபம். டவுனில் வளர்ந்தவளுக்கு அந்தத் துணி ஞாபகத்தில் இல்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை. கோடைத் தண்ணீர் போனால் கீழ்ப்பக்கப் பசுமைக்குடில்கள் காயும். அங்கே வேலை செய்கிறவர்கள் அதே மேல் சான் விசெந்தேயின் பெண்கள். வீடு வீடாகப் போய், வேலை நிரந்தரம் என்று சொல்லி அவர்களைக் கூட்டி வந்தவள் நர்சிசா.

இன்ஜினியர் குளிர் அறையில் இருந்தார். அந்த வாரங்களில் அவர் வீட்டுக்கே போவதில்லை. சோம்பேறி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டு நாற்பது ஆள் கேட்டாள்.

"காதலர் தினத்துக்கு முன்னாடி நாப்பது பேரா? என் ஈரலைக் கேளும்மா, அறுத்துத் தரேன். ஆளைக் கேக்காத."

"ஆள் இல்லேன்னா கோடைக்குத் தண்ணி இல்ல, இன்ஜினியர்."

"அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க. அவங்க பொண்ணுங்கதானே நம்மகிட்ட வேலை பாக்குது."

அவர் மாற்று வழிகள் வைத்திருந்தார். மண் அள்ளும் இயந்திரம் அனுப்பினால் ஒரே காலையில் முடிந்துவிடுமே என்றார். கல் பாவிய கரை இயந்திரத்துக்குத் தாங்காது, உடைந்துவிடும் என்றாள். அப்படியானால் சாப்பாட்டுப் பெட்டியைக் காகிதத்துக்கு மாற்றிவிடலாம், மண்ணில் மக்கிவிடும், பச்சை இலை படம் போடலாம் என்றார். பெட்டியே வேண்டாம் என்றாள். தொலைபேசியில் இருந்த பவுலினா, மார்ச் மாதம் 'தன்னார்வலர் தினம்' வைத்தால் எல்லாருக்கும் சட்டை அடிக்கலாமே என்றாள். மார்ச்சில் வாய்க்காலில் தூர் இருக்காது என்று நர்சிசா சொன்னாள். புண்ணைக் கழுவாமல் புதுத் துணியாகத் தேடித் தேடிக் கட்டுகிறவர்களிடம் எவ்வளவுதான் பேசுவது. பேச்சை நிறுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒன்பதாம் பிளாக்கில் ரோசாரா இம்பாகோவைப் பிடித்தாள். ரோசாரா கத்தரிக்கோல் பிடித்தால் மற்றவர்கள் இரண்டு வரிசை முடிப்பதற்குள் மூன்று முடிப்பவள். நாக்கும் அதே வேகம். லீவு எப்படியாவது வாங்கித் தருகிறேன், நீங்கள் பத்துப் பேர் பண்ணை சார்பில் மிங்காவுக்கு வருவீர்களா என்று கேட்டாள் நர்சிசா.

"நான் வந்தா எங்க வீட்டு ஆளா வரதா, பண்ணை ஆளா வரதா?" என்றாள் ரோசாரா, செடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பண்ணை ஆளா."

"அப்ப எங்க வீட்டுக்கு யாரு? என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் கீத்தோ போயிட்டாரு. மாமியாருக்கு இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு. ஏற்கெனவே ஊர்ல இருக்கிற கைதானே அக்கா இது. அதையே பண்ணைக் கணக்குல காட்டினா தார்ஹெலியா சும்மா இருப்பாங்களா? ஆபீஸ்ல இருக்காங்களே வெள்ளைக் கையோட, அவங்களைக் கூட்டிட்டு வாங்க. வெயில் கொஞ்சம் படட்டும்."

நர்சிசாவுக்கு இது உறைத்தது. இந்தப் பெண்களை மிங்காவுக்கு அனுப்பினால் ஊரின் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஊருக்கே கொடுப்பது போல. பண்ணை தன் கையைத்தான் நீட்ட வேண்டும். ஆபீஸில் ஒவ்வொருவராகக் கேட்டாள். மிங்கா நடக்கிற சனிக்கிழமை மகளுக்கு ஞானஸ்நானம் என்றார் ஒருவர். முதுகு வலி என்றார் ஒருவர். அந்த முதுகு ஞாயிற்றுக்கிழமை கைப்பந்து ஆடுவதை அவள் பார்த்திருக்கிறாள். கடைசியில் வந்தது கணக்கர் வில்சனும் சமையல்காரி ஓல்காவும் மட்டும். வில்சன் வந்தது, மலையை நெருக்கத்தில் பார்க்கலாம் என்று.

சனிக்கிழமை விடிவதற்குள் மூவரும் மேலே போய்விட்டார்கள். குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஆளுக்கு இத்தனை நீளம் என்று தார்ஹெலியா கழியால் அளந்து விட்டாள். பண்ணைக்கு அளந்தது கண்ணுக்கு எட்டும் தூரம் வரை போனது. கரையோரம் சிரிப்பு எழுந்தது. பண்ணை ராணுவம் வந்துவிட்டது என்றான் ஒருவன். வில்சனின் வெள்ளை ஷூவைப் பார்த்து, கல்யாணத்துக்கு வந்தவரிடம் யாராவது மண்வெட்டி கொடுப்பார்களா என்று ஒரு பெண் கேட்டாள். வில்சன் சேற்றில் இறங்கி ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்தபோது, அதே பெண்தான் துணி கிழித்துக் கட்டினாள். ஓல்கா மூச்சு விடாமல் வெட்டினாள். நர்சிசா முழங்கால் தண்ணீரில் நின்று வேரை இழுத்தாள். கால் நரம்பு தெறித்தது. அவர்களுக்கு அளந்ததில் ஒரு மூலைகூட முடியவில்லை.

மதியம் துணி விரித்தார்கள். நர்சிசா வீட்டிலிருந்து அவித்துக் கொண்டுவந்த உருளைக்கிழங்கைத் துணியில் கொட்டினாள். பக்கத்தில் இருந்த ரோசாரா நகர்ந்து இடம் விட்டாள். சாப்பிடத் தொடங்கும்போது கீழிருந்து லாரிச் சத்தம் கேட்டது. பண்ணை லாரி. பின்னால் காகிதப் பெட்டிகள் அடுக்கடுக்காக, பச்சை இலையோடு. முன்னால் படம் எடுக்க ஓர் ஆள்.

துணியைச் சுற்றி இருந்தவர்களின் கைகள் நின்றன. நர்சிசா எழுந்து, சேற்றுக் காலோடு நொண்டிக்கொண்டு லாரிக்குப் போனாள்.

"திருப்பு வண்டிய," என்றாள் டிரைவர் செகுந்தோவிடம்.

"இன்ஜினியர் குடுத்துட்டு வரச் சொன்னாரு அக்கா. சூடா இருக்கு."

"பேக்கிங் கொட்டகையில குடு. அங்க பசியோட நிக்கிறாங்க."

"அவரு கேட்டா?"

"நர்சிசா அனுப்பிட்டான்னு சொல்லு. என் பேரை நல்லா எழுத்துக்கூட்டிச் சொல்லு."

படக்காரன், வந்ததற்கு ஒரே ஒரு படமாவது எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவள் பார்த்த பார்வையில் வண்டிக்குள் ஏறிக்கொண்டான். திரும்பி வந்து துணியருகே உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் அழுகை வரும் போலிருந்தது. வாயில் கிழங்கைப் போட்டு அடைத்துக்கொண்டாள்.

மாலையில் கூட்டம். மூன்று ஆள் வந்ததால் பண்ணைக்கு மூன்று ஆளுக்கான தண்ணீர் என்று முடிவாயிற்று. நர்சிசா எழுந்து பேசினாள். கீழ்ப் பசுமைக்குடில்கள் காய்ந்தால் உங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தானே வேலை போகும் என்றாள்.

"எங்க பொண்ணுங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் தார்ஹெலியா. "அவங்களைக் காட்டித்தான் இத்தனை வருஷம் எங்க வாயை மூடினீங்க. உங்க கூரைத் தண்ணி எங்க தெருவை அரிச்சுக்கிட்டு ஓடுது. அதைப் பிடிக்கமாட்டீங்க. எங்க வாய்க்கால் மட்டும் இனிக்குதா?"

கடைசியில் ஒன்று விட்டுக்கொடுத்தார்கள். மேலே மண்சரிவு விழுந்த இடம் பாக்கி இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதற்கு இன்னொரு மிங்கா. பண்ணை அதற்கு முழு ஆளோடு வந்தால் மறுபடி பேசலாம். வருகிற கூட்டத்தில் முதலாளியும் இருக்கவேண்டும்.

லாரியைத் திருப்பி அனுப்பியதற்கு இன்ஜினியர் திங்கட்கிழமை காலையில் கத்தித் தீர்த்தார். அவர் முடிக்கும்வரை நர்சிசா நின்றாள். பிறகு தண்ணீர் முடிவைச் சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார். ஆழ்துளைக் கிணறு போடலாம் என்றார். அனுமதி கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று அவருக்கே தெரியும். வழக்குப் போடலாம் என்றார். பவுலினாவைக் கூப்பிட்டார். அவள் சக்கரத்தில் 'நீர்க் கூட்டணி' என்று ஒரு புது ஆரக்கால் சேர்க்கலாம் என்றாள். அந்த ஒரு தடவை நர்சிசா குரலை உயர்த்தினாள்.

"சக்கரத்தை விடுங்க. ஆபீஸைப் பூட்டுங்க, சனிக்கிழமை நீங்க எல்லாரும் மேல வாங்க. அது ஒண்ணு. குளத்தை வெட்டுங்க. அது ரெண்டு. மூணாவது எதுவும் என்கிட்ட இல்ல, இன்ஜினியர்."

வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆபீஸ் ஆட்கள், மேஸ்திரிகள் எல்லாரையும் இரண்டு பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆனால் காலையில் விமானத்துக்குப் பூ ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினார்கள். மிங்கா சூரியன் எழும்போது தொடங்குகிறது. இவர்கள் வந்து சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் முதல் ஓய்வுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சீக்கிரம் வரவேண்டும் என்று நர்சிசா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வந்ததே பெரிது என்று அவர் நினைத்தார். சரிவை வெட்டியபோது அவர் நன்றாகத்தான் உழைத்தார். மற்றவர்களும் முனகிக்கொண்டே உழைத்தார்கள்.

கூட்டத்தில் தார்ஹெலியா நேராகவே சொன்னாள். "இன்ஜினியர் ஐயாவுக்கு வணக்கம். வந்தது அரை நாள். தண்ணியும் அரைதான்."

அவர் முகம் சிவந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் பேசாமல் இருந்தது அவர் பண்ணைக்குச் செய்த மிகப் பெரிய உதவி என்று நர்சிசா நினைத்தாள்.

அரைத் தண்ணீரை வைத்துக்கொண்டு வருடா வருடம் கோடையைத் தாண்ட முடியாது. ஆக, இரண்டு வருடம் அவள் பேசிப் பேசி நடக்காத குளம், வேறு வழியில்லாமல் நடந்தது. பூ ஏற்றுமதி முடிந்த வாரமே ஒன்பதாம் பிளாக்கின் ரோஜாக்களைப் பிடுங்கினார்கள். இயந்திரங்கள் வந்தன. பவுலினா வந்து படம் எடுத்து, திட்டத்தின் முதல் வெற்றி என்று அறிக்கையில் எழுதினாள். அடுத்த வருட மிங்காவுக்கு ஆபீஸ் ஆட்கள் விடிவதற்குள் மேலே போகவேண்டும் என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். போவார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

ஒன்பதாம் பிளாக்கில் வேலை பார்த்த பெண்களில் பெரும்பாலோரை நர்சிசா பேக்கிங் கொட்டகைக்கு மாற்றிவிட்டாள். நான்கு பேருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் இன்ஜினியரோடு மல்லுக்கு நின்றாள். அரைத் தண்ணீருக்கு அரை வேலைதான் இருக்கிறது, நான் என்ன செய்ய என்றார் அவர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அந்த நான்கு வீட்டுக்கும் அவளே போனாள். காகிதம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பவில்லை. கடைசி வீடு ரோசாராவினுடையது. மாமியாரைப் படுக்கையில் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். நர்சிசா மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். கிழவிக்கு முதுகில் புண் வராமல் சுத்தமாக வைத்திருந்தாள் ரோசாரா. இருவரும் வேலையை முடித்துக் கை கழுவிய பிறகு நர்சிசா விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

ரோசாரா கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எங்க வாய்க்காலைக் காப்பாத்தி என் வேலையைப் பிடுங்கிட்டீங்க."

"ஆமா," என்றாள் நர்சிசா.

"குளம் எப்ப நிறையும்?"

"அக்டோபர் மழை நல்லா பெஞ்சா நவம்பர்ல. நிறைஞ்சா கீழ்ப் பக்கம் காயுற இடத்துல மறுபடி நடுவாங்க."

"அவரு நடுவாரா, வேற எதுக்காவது அந்தத் தண்ணியை விடுவாரா?"

"அது எனக்குத் தெரியாது," என்றாள் நர்சிசா. வேலை நிரந்தரம் என்று, தெரியாததைச் சொல்லி ஒருமுறை இந்த வீட்டுக்கு வந்தாகிவிட்டது.

"சரி, உக்காருங்க அக்கா," என்றாள் ரோசாரா. "காலைப் பாருங்க, தூண் மாதிரி வீங்கியிருக்கு. ஸ்டூல் தரேன், தூக்கி வையுங்க. நான் நாளைக்கு தார்ஹெலியாகிட்ட போறேன். பால் கறக்க ஆள் தேடுறதா கேள்வி."

நர்சிசா உட்கார்ந்து காலை உயர்த்தி வைத்தாள்.